கல் உதிர்கிறதா? முதலில் சுவரடியைப் பெருக்குங்கள்

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் தெற்குச் சுவரில் ஒரு தட்சிணாமூர்த்தி இருக்கிறார். இடது கை முழங்கையோடு இல்லை, மூக்கும் மூளி. திருப்பணிப் பேச்சு எடுத்தாலே ஊரில் எல்லோரும் முதலில் அவரைத்தான் காட்டுவார்கள். "சாமி கை போச்சே, முதல்ல அதை ஒட்டவைக்கணும்" என்பார்கள். அவருக்கு இரண்டு முழம் கீழே, சுவரைத் தாங்கும் அடிப்பீடமான அதிட்டானத்தில், புடைத்து நிற்கும் குமுத வரியில், கல் சர்க்கரை போல உதிர்ந்துகொண்டிருக்கிறது. அதை யாரும் காட்டியதில்லை.

சாமியின் கை உடைந்து எத்தனை தலைமுறை ஆயிற்றோ. உடைந்த இடத்தில் கல்பாசி படர்ந்து, சுற்றியுள்ள கல்லின் நிறம் அதற்கும் வந்துவிட்டது. அந்தச் சேதம் நடந்து முடிந்தது. அதை அப்படியே விட்டால் இன்னும் ஐந்நூறு வருஷம் அப்படியே இருக்கும். குமுதத்தில் நடப்பது இன்று காலையும் நடந்தது, நாளைக்கும் நடக்கும்.

கற்சுவரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பழக வேண்டியது இதுதான்: முடிந்துபோன சேதம் எது, நடந்துகொண்டிருக்கும் சேதம் எது என்று பிரித்துப் பார்ப்பது. என் அப்பா சிற்பி. நான் உளி பிடிக்கவில்லை. கேமராவும் நோட்டும் எடுத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேலாகக் கோயில் சுவர்களின் நிலையை ஆவணப்படுத்தி வருகிறேன். முதல் முறை கிளம்பியபோது அப்பா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "சிலை முகத்தப் பாக்குறதுக்கு முன்னாடி அதோட காலடியப் பாரு பாப்பா. என்ன கொட்டியிருக்குன்னு பாரு."

உங்கள் ஊர்க் கோயிலுக்கோ, பழைய மண்டபத்துக்கோ, வீட்டுக் கல்தூணுக்கோ இந்தக் குறிப்பைப் பயன்படுத்தலாம். பார்ப்பதற்கும் எழுதி வைப்பதற்கும் மட்டும்தான். கல்லுக்கு வைத்தியம் செய்வது பயிற்சி பெற்றவர்கள் வேலை. ஆனால் அவர்கள் வரும்போது உங்கள் கையில் சரியான குறிப்பு இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எடுத்துப்போக வேண்டியவை

நல்ல டார்ச் லைட். பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில், அதில் சுத்தமான தண்ணீர். ஒரு அடி ஸ்கேல். உருப்பெருக்கிக் கண்ணாடி. மெல்லிய பெயிண்ட் பிரஷ் ஒன்று. கறுப்புச் சார்ட் காகிதம் நாலைந்து தாள். ஒரு கண்ணாடித் துண்டு, சின்ன புட்டியில் வினிகர். போன் கேமராவே போதும். கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத்தூள் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நேரம் முக்கியம். உச்சி வெயிலில் கல் எதையும் காட்டாது. வெளிச்சம் சுவரோடு ஒட்டிச் சாய்வாக விழுந்தால்தான் மேடு பள்ளம் தெரியும். சூரியன் ஒவ்வொரு சுவரையும் எந்த நேரத்தில் உரசிக்கொண்டு போகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து கவனித்துவிட்டால் பிறகு சுலபம். வெயில் சரியாகப் படாத சுவருக்கு, இருட்டிய பிறகு அனுமதி கேட்டு, டார்ச்சைச் சுவரில் ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகலில் மொழுமொழுவென்று தெரிந்த கல்லில் எத்தனை செதில் தூக்கி நிற்கிறது என்று அப்போது புரியும். கண்ணுக்குத் தெரியாத கல்வெட்டு வரியும் இப்படித்தான் எழுந்து வரும்.

அப்புறம், நல்ல மழையில் ஒரு முறை போய் நில்லுங்கள். குடை பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம். தண்ணீர் எங்கே ஒழுகுகிறது, கூரை விளிம்பில் வளைந்து நீண்டிருக்கும் கொடுங்கையைத் தாண்டி விழுகிறதா அல்லது சுவரோடு வழிகிறதா, தரையில் எங்கே தேங்குகிறது, எல்லாம் தெரியும். கல்லில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை தண்ணீர் போன வழியிலேயே இருந்தன.

பார்த்ததை எழுதுங்கள், காரணத்தை அப்புறம் எழுதலாம்

"உப்பு அரித்திருக்கிறது" என்று முதல் நாளே எழுதாதீர்கள். "மணல்மணலாக உதிர்கிறது, தரையிலிருந்து முக்கால் அடி உயரம்வரை" என்று எழுதுங்கள். முதலாவது ஊகம், இரண்டாவது பார்த்தது. நினைவுச்சின்னங்களின் பாதுகாப்புக்கான உலக அமைப்பான இகோமோஸின் கல் குழு 2008இல் கல் சேதங்களை ஐந்து குடும்பமாகப் பிரித்தது: விரிசலும் உருமாற்றமும், பெயர்ந்து வருவது, பொருள் இழப்பு, நிறமாற்றமும் படிவும், உயிரினங்கள் படர்வது. உலகில் பல இடங்களில் இந்த வரிசையில் பேசுகிறார்கள். நமக்கு வேண்டிய சொற்களும் தமிழிலேயே கிடக்கின்றன: மயிரிழை விரிசல், வெடிப்பு, செதில், பாளம், ஏடு ஏடாகப் பிரிதல், உதிர்தல், பொரிதல், குழி, மூளி, தேய்மானம், கறை, பூப்பு, பாசி. ஒரு சொல்லுக்கு ஒரே பொருளை வைத்துக்கொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள். நான் நகத்தளவு பெயர்ந்தால் செதில் என்றும், உள்ளங்கையளவுக்கு மேல் போனால் பாளம் என்றும் வைத்திருக்கிறேன்.

கல் எது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நாம் எல்லாவற்றையும் கருங்கல் என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி நோய்ப்படுவதில்லை. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் அடிவரிசை கருங்கல், அதற்குமேல் மணற்கல். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது. அங்கே நின்று அடிவரிசையையும் அதற்கு மேலுள்ள சிற்பங்களையும் மாறிமாறிப் பாருங்கள். ஒரே மழையும் வெயிலும் பட்ட இரண்டு கற்கள் இவ்வளவு வேறாக மூப்பெய்தியிருப்பதைப் போலப் பாடம் வேறில்லை.

உளித்தடம்தான் கடிகாரம்

சேதத்தை அளக்க ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். அது உளித்தடம். சிற்பி விட்டுப்போன கொத்து வரிகள் ஒரு கல்லில் இன்னும் தெரிகின்றன என்றால், அந்தக் கல்லின் தோல் இன்னும் போகவில்லை என்று பொருள். பக்கத்துக் கல்லில் அந்த வரிகள் மழுங்கி, அதற்கடுத்ததில் இல்லவே இல்லை என்றால், எங்கிருந்து எங்கே சேதம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். சுவரைப் படமாக வரைந்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, உளித்தடம் தெரியும் கற்களை முதலில் நிழலடித்துக் காட்டுங்கள். மிச்சமிருப்பதுதான் நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய பகுதி.

இந்தத் தடத்தின் அருமை எனக்கு ஒரு இழப்பில்தான் புரிந்தது. கொள்ளிடக் கரைக் கோயில் ஒன்றில் அதிட்டானத்தின் மேல்வரியான பட்டிகையில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கும் கல்வெட்டு ஓடியது. மேலே காவியும் வெள்ளையுமாகப் பல காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பிப் போனபோது கல் வெளுத்துப் பளிச்சென்று இருந்தது. மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சியடிக்கும் மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்திருந்தார்கள். வேலை எடுத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் எழுத்தின் விளிம்புகள் போயிருந்தன. முன்பு 'ன'வுக்கும் 'ள'வுக்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரிந்தது. இப்போது இரண்டும் ஒரே பள்ளம். நான் எடுத்திருந்த பழைய படங்களை வைத்துத்தான் பாதி வரியைப் படிக்க முடிகிறது. அன்றைக்கு அங்கே உட்கார்ந்து அழுதேன்.

மணல் வீச்சுப் பட்ட கல்லை அடையாளம் காண, விரலால் தடவிப் பாருங்கள். புது உப்புத்தாள் போல எல்லா இடமும் ஒரே சொரசொரப்பாக இருக்கும், உளித்தடம் இராது, சாய்வெளிச்சத்தில் அபிரகத் துணுக்குகள் மினுங்கும். இழந்தது திரும்பாது. இனிமேல் எங்கெல்லாம் பாசியும் ஓதமும் (கல்லில் ஊறும் ஈரம்) சீக்கிரம் பிடிக்கும் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை, ஏனென்றால் தோல் உரிந்த கல் தண்ணீரை எளிதாகக் குடிக்கும்.

உப்பு

இதில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். நீங்களும் செலவிடுங்கள்.

உப்பு வெளியே தெரிந்தால் பூப்பு, உள்ளே தங்கினால் அரிப்பு. தரையிலிருந்து ஓதம் ஏறும்போது கரைந்த உப்பும் கூடவே ஏறுகிறது. தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு கட்டிக்கொள்கிறது. கல்லின் மேல்பரப்பில் கட்டினால் வெள்ளைப் பூப்பாக நிற்கும், கல்லுக்குப் பெரிய தொந்தரவில்லை. தோலுக்குக் கீழே கட்டினால் படிகம் வளர்ந்து தோலை உந்தித் தள்ளும். சாதாரணச் சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகக் கரையும், குறைந்தால் மறுபடி படிகமாகும். நம் ஊரில் இரவு ஈரமும் பகல் காய்ச்சலும் மாறிமாறி வருவதால் ஒரே நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். வருஷத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணிப் பாருங்கள்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் இந்தப் போராட்டம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நடக்கிறது. கடலைத் தடுக்கப் பாறைக்கற்களைக் கொட்டிக் கரை கட்டியிருக்கிறார்கள், உப்புக்காற்றை மட்டுப்படுத்தச் சவுக்குத் தோப்பு வளர்த்திருக்கிறார்கள். தொல்லியல் துறை வேதியியலாளர்கள் காகிதக்கூழைக் கல்லின்மேல் அப்பி உப்பை இழுத்தெடுக்கிறார்கள். ஈரமான கூழ் காயக் காய, கல்லுக்குள் இருக்கும் உப்பு கூழுக்கு வந்துவிடும். பிறகு உரித்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். பொறுமையான வேலை.

கடல் இல்லாத ஊரில் உப்பு எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். மண்ணிலிருந்து, நிலத்தடி நீரிலிருந்து, வௌவால் எச்சத்திலிருந்து வரும். நம் காலத்தில் முக்கியமாகச் சிமென்ட்டிலிருந்து வரும். எங்கள் கோயிலில் முன்பு எப்போதோ செய்த திருப்பணியில் கல் இடுக்குகளைச் சிமென்ட்டால் பூசியிருக்கிறார்கள், சுற்றுத்தரையையும் சிமென்ட் போட்டு உயர்த்தியிருக்கிறார்கள். சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறல், வெல்லத் தண்ணீர் சேர்த்து அரைத்த பழைய சாந்து மூச்சு விடும். சுவருக்குள் போன ஈரம் இடுக்கு வழியாக வெளியே வந்துவிடும், தேய்ந்தால் சாந்துதான் தேயும். சிமென்ட் இடுக்கை அடைத்துவிட்டதால் ஈரம் கல் வழியாகத்தான் வெளியேற வேண்டியிருக்கிறது. தேய்மானமும் கல்லுக்கு வந்துவிட்டது. இடுக்குச் சாந்து எழும்பி நிற்க, அதன் இரண்டு பக்கமும் கல் பள்ளமாகியிருந்தால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான்.

சோதிக்கும் முறை: உதிரும் இடத்தின் அடியைப் பிரஷ்ஷால் சுத்தமாகப் பெருக்குங்கள். கறுப்புச் சார்ட்டைச் சுவரோடு ஒட்டித் தரையில் விரித்து, மேலே சிறு கல் வைத்துவிடுங்கள். குருக்களிடமும் பெருக்குகிற அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாளே குப்பையில் போயிருக்கும். சரியாக ஏழு நாள் கழித்து வாருங்கள். காகிதத்தில் விழுந்ததைப் படமெடுத்து, ஒரு டீஸ்பூனால் அளந்து, தேதி எழுதிக் காகிதப் பொட்டலமாகக் கட்டி வையுங்கள். ஒன்றுமே விழவில்லையா? அந்த இடம் இப்போதைக்கு அமைதியாக இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு முறை, பங்குனி வெயிலில் ஒரு முறை திரும்பச் செய்யுங்கள். கல் எந்த மாதத்தில் அதிகம் உதிர்கிறது என்று தெரிந்தால் காரணம் பாதி கையில் வந்துவிடும்.

சுவரில் வெள்ளையாக எதையாவது பார்த்தால் உப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். விளிம்பில் உதிர்ந்து கிடப்பதைக் கடுகளவு எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்தால் உப்பாக இருக்கலாம். கரையாவிட்டால் இன்னொரு துகளில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, பழைய பூச்சாகவோ இடுக்கிலிருந்து கசிந்ததாகவோ இருக்கும். வினிகரைக் கல்லின்மேல் மட்டும் விடவே கூடாது.

கறுப்பு எல்லாம் புகையல்ல

கோயிலுக்கு உள்ளே, விளக்கு மாடத்துக்கு மேலே இருக்கும் கறுப்பு எண்ணெய்ப் புகை. விரலில் பிசுக்கென்று ஒட்டும். வெளிச்சுவரில் கொடுங்கைக்குக் கீழே நாக்கு நாக்காக இறங்கும் கறுப்பு வேறு. அதன்மேல் ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் தெளித்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். கறுப்பில் பச்சை எழுந்தால் அது உயிருள்ள நுண்பாசி. தண்ணீர் வழியும் தடத்தில் மட்டும் வளரும். அதைச் சுரண்டுவதால் பயனில்லை. மேலே ஒழுகும் இடத்தை அடைத்தால் தானே அடங்கும்.

வட்ட வட்டமாகச் சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் கல்லோடு ஒட்டியிருப்பது கல்பாசி. குழம்பு மசாலாவில் போடுகிறோமே, அதன் உறவுக்காரர்கள்தான். இழைகளைக் கல்லுக்குள் விடும், அமிலமும் கசியும். இருந்தாலும் மிக மெதுவாக வளர்வது. காய்ந்த கல்பாசியைப் பிடுங்கினால் அதோடு ஒட்டிய மணிகளும் பெயர்ந்து வரும். நானாக ஒருபோதும் தொடுவதில்லை. வட்டத்தின் குறுக்களவை ஸ்கேல் வைத்துப் படமெடுத்துக்கொள்வதோடு சரி.

அரசு, ஆல், அத்திக் கன்றுக்கு மட்டும் தாமதம் கூடாது. பறவை எச்சத்தில் வந்த விதை இடுக்கில் முளைத்து, இரண்டு இலை விட்டு நிற்கும்போது யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். நாலு மழைக்குப் பிறகு வேர் கல்லை நெம்பும். இரண்டு இலைப் பருவத்தில் ஈரமான நாளில் வேரோடு மெதுவாக உருவிவிடலாம். தண்டு பென்சில் கனத்தைத் தாண்டிவிட்டால் இழுக்காதீர்கள், கல்லும் சேர்ந்து வரும். படமெடுத்து உடனே உரியவர்களுக்குத் தெரிவியுங்கள்.

விரிசல்

முதல் கேள்வி, இது விரிசலா அல்லது கல்லின் பிறவி ரேகையா? நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். ரேகையில் நகம் பெரும்பாலும் தடுக்காது. சந்தேகமிருந்தால் தண்ணீர் தெளித்துக் காயவிடுங்கள். சுற்றிலும் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அது விரிசல், தண்ணீரைக் குடித்திருக்கிறது.

விரிசலுக்குப் பக்கத்தில் பழுப்புக் கறை வழிந்திருந்தால் உள்ளே இரும்பு ஆப்போ கம்பியோ இருக்கும். துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம் பிடிக்கும், கல்லைப் பிளந்துவிடும். மண்டப உத்தரத்தின் அடிப்பக்கம், நடுவில், குறுக்காக விரிசல் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். கல் பாரத்தை நின்று தாங்கும், வளைந்து தாங்காது. அன்றைக்கே நிர்வாகத்தில் எழுத்தாகக் கொடுத்து, அந்த இடத்தில் யாரும் உட்காராமல் கயிறு கட்டச் சொல்லுங்கள்.

நெருப்புப் பட்ட கல்லைத் தனியாகக் குறியுங்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தபோது தூண்களும் கூரைக்கற்களும் வெடித்து விழுந்தன. கருங்கல்லுக்கு நெருப்பு ஒன்றும் செய்யாது என்று நம்பியவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் மணிகள் 573 டிகிரி செல்சியஸில் திடீரெனப் பெருக்கின்றன, பக்கத்து மணிகள் அதே அளவு பெருப்பதில்லை. சுற்றிலும் பாளம் பெயர்ந்து தூண் உருண்டையாகத் தேய்ந்த மாதிரி நின்றாலோ, கல் செம்மை ஏறியிருந்தாலோ நெருப்பைச் சந்தேகியுங்கள். விரல் கணுவால் மெல்லத் தட்டுங்கள். நல்ல கல் கணீரென்று பேசும். பெயரத் தயாரான கல் பொக்கென்று சொல்லும். தட்டும் வேலை உறுதியாக இருக்கும் இடத்தில் மட்டும், கண்ணுக்கே தூக்கி நிற்கும் செதிலில் வேண்டாம்.

ஒரு கல்லுக்கு ஒரு குறிப்பு

என் நோட்டிலிருந்து ஒன்றை அப்படியே தருகிறேன்.

"தெற்குச் சுவர், குமுத வரி, கிழக்கிலிருந்து 4ஆம் கல். மணல்மணலாக உதிர்தல், கல்லின் கீழ்ப்பாதி முழுவதும். ஆழம் அதிகபட்சம் 9 மி.மீ. உளித்தடம் மேல் விளிம்பில் மட்டும். இரு பக்க இடுக்கும் சிமென்ட். தரையில் தண்ணீர் தேங்கிய கறை. சார்ட் சோதனை ஏழு நாள்: ஒன்றே கால் டீஸ்பூன். நடந்துகொண்டிருக்கிறது."

கடைசிச் சொல்லை ஒவ்வொரு குறிப்பிலும் எழுத வேண்டும். 'முடிந்தது', 'நடந்துகொண்டிருக்கிறது', 'தெரியவில்லை' இந்த மூன்றில் ஒன்று. 'தெரியவில்லை' என்று எழுதத் தயங்காதீர்கள், என் நோட்டில் பாதி அதுதான். படம் எடுக்கும்போது ஸ்கேலும் தேதியும் தெரிய வேண்டும், அடுத்த முறை அதே இடத்தில் நின்று அதே உயரத்தில் எடுக்க வேண்டும். நிற்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கல்லில் சாக்பீஸாலோ பென்சிலாலோ குறி வைக்கவே கூடாது.

நாலாம் கல்லுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பொட்டலங்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு திருப்பணிக் குழுவில் உட்கார்ந்து பேசினேன். கோமுகத்திலிருந்து விழும் அபிஷேகத் தண்ணீர், வடக்குப் பக்கம் வழி அடைபட்டதால் சுற்றிக்கொண்டு தெற்கே வந்து தேங்குவதை மழையில் எடுத்த படம் காட்டிக்கொடுத்தது. தட்சிணாமூர்த்தியின் கையை ஒட்டவைக்கும் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் வாய்க்காலைத் தூர்வாரினார்கள். சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்குச் சிமென்ட் தரையைப் பெயர்த்துச் சரளை கொட்டினார்கள். இடுக்குச் சிமென்ட்டை எடுப்பது பயிற்சி உள்ளவர் வந்துதான் செய்ய வேண்டும் என்று ஒப்புக்கொண்டு அதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

போன பங்குனியில் விரித்த சார்ட்டில் கால் டீஸ்பூன்கூட இல்லை. இந்த ஐப்பசி மழை ஓய்ந்ததும் மறுபடி விரிக்க வேண்டும்.